ஏயூ 58 என்றால் 58 சதவீதத் தங்கம் அல்ல

கேள்வி: தங்க நாணயங்கள் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு விற்பனைப் பட்டியலில் 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தங்க நாணயமான சாவரின் ஒன்றுக்கு 'ஃபைன்' என்றும், அதே ஆண்டின் இன்னொரு சாவரினுக்கு 'ஏயூ 58' என்றும் போட்டிருந்தார்கள். முதலாவது சுத்தத் தங்கம், இரண்டாவதில் 58 சதவீதம்தான் தங்கம் என்று நினைத்துவிட்டேன். அது தவறு என்று ஒரு நண்பர் சொன்னார். அதே பட்டியலில் 1924ஆம் ஆண்டின் அமெரிக்க 20 டாலர் நாணயங்கள் இரண்டு இருந்தன. 'எம்எஸ் 61' என்று போட்டிருந்தது அடிபட்டுக் கிடந்தது. 'ஏயூ 58' என்று போட்டிருந்தது அழகாக இருந்தது. எண் கூடினால் நாணயம் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? என்னிடம் ஏற்கெனவே ஒரு 1911 சாவரின் இருக்கிறது. அதில் சிவப்பாகச் சில புள்ளிகள். பாலிஷ் போட்டால் தரம் உயருமா? தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்பலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் புதிதாக வருகிற பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. காரணம், இந்தத் துறையின் சொற்களே அப்படி அமைந்துவிட்டன.

தூய்மை வேறு, நிலைத்தரம் வேறு. தூய்மை என்பது உலோகத்தில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. சாவரினில் 12 பங்குக்கு 11 பங்கு தங்கம், அதாவது 22 காரட். மீதி ஒரு பங்கு செம்பு. ஃபைன் சாவரினிலும் இதே கணக்குதான், ஏயூ 58 சாவரினிலும் இதே கணக்குதான். நிலைத்தரம் சொல்வது முற்றிலும் வேறொரு சங்கதி: அச்சிலிருந்து வெளியே வந்த பிறகு அந்த நாணயத்தின் மேற்பரப்புக்கு என்ன நேர்ந்தது என்பது. 'ஃபைன்' என்ற சொல் தங்கத்தின் தூய்மைக்கும் வழங்குவதால் குழப்பம். 'ஏயூ' என்பது 'அபவுட் அன்சர்குலேட்டட்' என்பதன் சுருக்கம். ஏறக்குறைய புழங்காதது என்று பொருள். வேதியியலில் தங்கத்தின் குறியீடும் இதே இரண்டு எழுத்துகளாக இருப்பது தற்செயல். 'குட்' என்ற தரத்தைப் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். குட் 4 என்றால் உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சி, உள்ளே எல்லாம் மழுங்கிப்போன நாணயம்.

எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் போக்கும் புரியும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் செப்பு நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். இன்ன நாணயம் என்று அடையாளம் மட்டும் தெரிகிற நிலை 1; குறையே இல்லாதது 70. 70ஆம் நிலையில் உள்ள நாணயம் 1ஆம் நிலையில் உள்ளதைப்போல் 70 மடங்கு விலை பெறும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. அந்த விலைக் கணக்கு விரைவிலேயே செல்லாமல் போனது. எண் மட்டும் நிலைத்துவிட்டது. அமெரிக்கத் தரமிடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் வேலையைத் தொடங்கிய பிறகு, எல்லா உலோகத்துக்கும் எல்லா நாட்டு நாணயத்துக்கும் இதே அளவுகோல் பரவியது.

இதில் எல்லா எண்களும் புழக்கத்தில் இல்லை. ஃபைன் என்றால் 12, 15. வெரி ஃபைன் 20, 25, 30, 35. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் (சுருக்கமாக எக்ஸ்எஃப்) 40, 45. ஏயூ 50, 53, 55, 58. அதற்கு மேல் 'மின்ட் ஸ்டேட்' எனப்படும் எம்எஸ் 60 முதல் 70 வரை. இங்கே மட்டும் ஒவ்வோர் எண்ணும் உண்டு. ஆகவே 'ஏயூ 57', 'எக்ஸ்எஃப் 42' என்று யாராவது எழுதியிருந்தால், எழுதியவருக்கு அளவுகோலே தெரியாது என்று தயங்காமல் முடிவுகட்டலாம்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. எம்எஸ் 61 ஏன் ஏயூ 58ஐவிட மோசமாகத் தெரிகிறது?

58க்கும் 60க்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் தேய்மானம். கைமாறிப் புழங்கியதால் மேடான இடங்களில் ஒரு துளி தேய்ந்திருந்தாலும் நாணயம் 58ஐத் தாண்ட முடியாது, மற்ற வகையில் அது எத்தனை அழகாக இருந்தாலும். தேய்மானமே இல்லையென்றால் 60க்குக் கீழே இறங்காது, எத்தனை அடிபட்டிருந்தாலும். அடி என்பது தேய்மானம் ஆகாது. 1924ஆம் ஆண்டின் 20 டாலர் நாணயம் 34 மில்லிமீட்டர் அகலம், 33.4 கிராம் எடை. பத்தில் ஒன்பது பங்கு தங்கம் என்பதால் மென்மையானது. இப்படிப்பட்டவை துணிப்பையில் மொத்தமாகக் கட்டப்பட்டு வங்கிக்கு வங்கி போயின. பையைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் இடிக்கும். யார் சட்டைப்பைக்கும் போகாத நாணயமாக இருந்தும், உடம்பெல்லாம் வெட்டும் பள்ளமுமாக ஆகிவிடும். அதற்குக் கிடைப்பது எம்எஸ் 60, 61. ஒருவர் வங்கியிலிருந்து வாங்கிக் கொஞ்ச நாள் கவனமாக வைத்திருந்து, நாணயத்தில் உள்ள சுதந்திர தேவியின் முழங்காலிலும் மார்பிலும் லேசாக உராய்ந்ததோ ஏயூ 58. பார்க்க அழகான பழைய நாணயம் வேண்டும், எண்ணைப் பற்றிக் கவலையில்லை என்பவர்களுக்கு நல்ல 58 என் முதல் பரிந்துரை. மோசமான 61ஐவிட அதை மனதார விரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

60க்கு மேலே ஏறும்போது மூன்று விஷயங்கள் சேர்ந்து எண்ணைத் தீர்மானிக்கின்றன: அடிகள் எத்தனை எங்கே என்பது ஒன்று, அச்சு எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பது இரண்டு, மினுக்கம் எப்படி என்பது மூன்று. 'எங்கே' என்பது 'எத்தனை' என்பதைவிடக் கனமானது. அரசர் தலை போட்ட நாணயத்தில் கன்னத்தின் நடுவே ஒரே ஒரு வெட்டு போதும், 64 ஆகியிருக்க வேண்டியது 62 ஆகிவிடும். அதே வெட்டு தலைமுடிக்குள்ளோ மறுபக்கத்தில் உள்ள குதிரையின் கால்களுக்கு இடையிலோ மறைந்திருந்தால் பெரிதாகப் பாதிக்காது. 63 என்பது கண்ணுக்குத் தெரியும் சில அடிகள் உள்ள, மினுக்கம் கெடாத நாணயம். 65 என்றால் தேடினால்தான் கிடைக்கும் சிறு குறைகள். 70 என்றால் ஐந்து மடங்கு பெருக்கிப் பார்த்தும் நாணயச்சாலையை விட்ட பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தெரியாதது. பழைய புழக்க நாணயங்களில் அதை எதிர்பார்க்கக் கூடாது. 70 என்ற எண்ணைப் பெரும்பாலும் இன்றைய முதலீட்டு நாணயங்களில்தான் பார்ப்பீர்கள்.

மினுக்கம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரமிடுதலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அச்சு அழுத்தும்போது தங்கம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து நகர்கிறது. அப்படி நகர்ந்த தடம், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மிக மெல்லிய ஆரக்கோடுகளாக மேற்பரப்பில் நிற்கிறது. நாணயத்தை விளக்கடியில் சாய்த்து மெல்லச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஒளிப்பட்டைகள் சுற்றி வரும். இந்தச் சுழற்சி உயிரோடு இருந்தால் மேற்பரப்பு இயல்பாக இருக்கிறது என்று பொருள். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் அந்தக் கோடுகள் மழுங்கிவிடும். ஒளிப்பட்டை அங்கே வந்ததும் அறுந்துபோகும். பாலிஷ் போட்டாலோ முழு நாணயத்திலும் கோடுகள் சிரைக்கப்பட்டுவிடும். பளபளவென்று இருக்கும், ஆனால் ஒளி சுழலாது. நாணயத்தை எப்படித் திருப்பினாலும் ஒரே வெளிச்சமாகக் கண்ணைக் குத்தும். அந்தக் கோடுகளை மறுபடி உண்டாக்க எவராலும் முடியாது.

இதைப் பார்ப்பதற்கு டியூப் லைட் உதவாது. அதன் பரவலான வெளிச்சம் கீறல்களை மறைத்துவிடும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு குமிழ் விளக்கு உள்ள மேசை விளக்கின் கீழே உட்காருங்கள். மேசையில் மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கை நழுவினால் நாணயம் அதில் விழட்டும். விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். நாணயத்தின் மேல் பேசவும் வேண்டாம். தெறிக்கும் எச்சில் துளி நாளடைவில் கறையாகிவிடும். முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். பிறகுதான் ஐந்து மடங்கு லென்ஸ். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று போனால் எல்லா நாணயமும் குப்பையாகத்தான் தெரியும். ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். மெல்லிய கீறல்கள் ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டுமே ஒளியைப் பிடித்துக் காட்டும், எனவே முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

உங்கள் 1911 சாவரினை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் இத்தாலியச் சிற்பி பிஸ்ட்ரூச்சி வடித்த புனித ஜார்ஜும் குதிரையும் அரக்கப் பாம்பும். தலைப் பக்கத்தில் முதலில் தேய்வது புருவம், கன்ன எலும்பு, காதின் விளிம்பு, மீசை. மறுபக்கத்தில் வீரனின் மார்பும் தொடையும், தலைக்கவசம், குதிரையின் முன்தோளும் பின்தொடையும். தாடியின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகி, வீரனின் உடம்பில் தசைக் கோடுகள் மறைந்திருந்தால் ஃபைன். தாடியின் பெரும்பாலான இழைகள் பிரிந்து தெரிந்து, மேடுகள் மட்டும் தட்டையாக இருந்தால் வெரி ஃபைன். மேடுகளின் உச்சியில் மட்டும் தேய்வு, எழுத்துகளின் இடுக்கில் இன்னும் மினுக்கம் ஒளிந்திருக்கிறது என்றால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். மினுக்கம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் சுழன்று, புருவத்திலும் கன்னத்திலும் மட்டும் நிறம் மங்கி நின்றால் அது ஏயூ.

இங்கே ஒரு பொறி உண்டு. விவரம் தெரியாத இடமெல்லாம் தேய்ந்த இடம் அல்ல. அச்சு போதிய அழுத்தத்தோடு விழாமல், உலோகம் குழிவுக்குள் முழுவதும் ஏறாமல் போனாலும் அந்த இடம் தட்டையாகத்தான் இருக்கும். எப்படிப் பிரித்தறிவது? தட்டையான இடத்தில் மினுக்கம் சுற்றுப்புறத்தைப்போலவே தொடர்ந்து ஓடினால் அது அச்சுக் குறை. மினுக்கம் அங்கே மட்டும் செத்து, நிறமும் மாறியிருந்தால் தேய்மானம். இன்னொரு தடயமும் உண்டு: அச்சுக் குறை என்றால் பெரும்பாலும் அதற்கு நேர் பின்னால் மறுபக்கத்திலும் விவரம் குறைந்திருக்கும்.

மேடு தேய்வது என்ற பாடமே தலைகீழாகும் நாணயங்களும் உண்டு. பெலா பிராட் வடிவமைத்து 1908 முதல் 1929 வரை வந்த அமெரிக்க 2½ டாலர், 5 டாலர் நாணயங்களில் உருவம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அவற்றில் மிக உயரமான பகுதி வெற்றுத் தளம்தான். ஆகவே முதலில் உராய்வதும் தளம்தான். தலைப்பாகையின் இறகுகள் கூர்மையாக இருக்கின்றனவே என்று பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். இவ்வகை நாணயம் வாங்கும்போது தளத்தின் மினுக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியல் எந்த ஊர் வழக்கில் எழுதப்பட்டது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் வழக்கில் எண் கிடையாது, சொல் மட்டும்தான். அது அமெரிக்க வழக்கைவிடக் கறாரானது. பிரிட்டிஷ்காரர் வெரி ஃபைன் என்று எழுதுவதை அமெரிக்கர் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்பார், தோராயமாக ஒரு படி வித்தியாசம். எனவே எண்ணில்லாமல் 'ஃபைன்' என்று மட்டும் போட்டிருந்த அந்தச் சாவரின் நீங்கள் கற்பனை செய்ததைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கக்கூடும்.

'புரூஃப்' என்பது தரமே அல்ல, தயாரிப்பு முறை. மெருகேற்றிய அச்சில், தனிக் கவனத்தோடு அடித்த நாணயம் அது. தேய்ந்தாலும் புரூஃப் புரூஃப்தான். 'பிஎஃப் 55' என்று எழுதுவார்கள்.

அடுத்து சிவப்புப் புள்ளிகள். பயப்படாதீர்கள். உலோகத்தைக் கலக்கும்போது செம்பு சில இடங்களில் சரியாகக் கரையாமல் தங்கிவிடுகிறது. காற்றும் ஈரமும் பட்டு அந்தப் புள்ளி சிவந்தோ கருத்தோ போகிறது. இது நாணயத்தோடு பிறந்தது. பெரிய புள்ளி முகத்தின் நடுவே இருந்தால் அழகைக் கெடுத்து எண்ணைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, தரமிடுகிறவர்கள் இதைச் சேதமாக எழுதுவதில்லை.

பாலிஷ் போட்டால் அதைச் சேதம் என்று எழுதுவார்கள். மனம் நோகாமல் இதைச் சொல்ல வழி தெரியவில்லை: பாலிஷ் போட்ட நாணயம் சேகரிப்பு உலகத்தில் பாதி செத்த நாணயம். துணியால் துடைத்தாலே ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் விழும். சமையல் சோடா, பற்பசை, நகைக்கடைச் சக்கரம், எல்லாம் அந்த ஆரக்கோடுகளை அறுத்துவிடும். அப்படிப்பட்ட நாணயத்துக்குத் தரமிடும் நிறுவனம் எண் தராது. 'ஏயூ டீட்டெயில்ஸ், க்ளீன்ட்' என்று எழுதி அனுப்பிவிடும். தேய்மானம் ஏயூ அளவுதான், ஆனால் சுத்தம் செய்து கெடுத்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். வாங்க வருகிறவரும் அதைப் பெரும்பாலும் உலோக விலையை ஒட்டித்தான் கேட்பார்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மலிவான மென்பிளாஸ்டிக் உறையில் நீண்ட காலம் கிடந்த நாணயத்தில் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் சேரும். அது பிவிசி கசிவு. விட்டுவைத்தால் செம்பை அரிக்கும். அதற்குத் தூய அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி கூடாது. அதில் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு, அருகில் தீ இல்லாமல் பார்த்துக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றி நாணயத்தைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். எடுத்துப் புதிய அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, சாய்த்து வைத்துக் காற்றில் உலரவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் தேய்க்கவோ துடைக்கவோ வேண்டாம். சிவப்புப் புள்ளி இதற்கு அசையாது; அசைக்க முயலவும் வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய சாவரின்கள் பல பதக்கமாகத் தொங்கியவை. வளையத்தைக் கழற்றிய தடத்தைத் தேட, நாணயத்தைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பின் வரிப்பள்ளங்களைச் சுற்றிலும் பாருங்கள். தலைக்கு நேர் மேலே பள்ளங்கள் அரைகுறையாக இருக்கிறதா, உலோகத்தின் நிறம் அங்கே மட்டும் வெளிறியிருக்கிறதா, அரம் போட்ட கோடு தெரிகிறதா? பற்றவைத்த இடம் அதுதான். சட்டகத்தில் பொருத்திய நாணயம் என்றால் சம தூரத்தில் மூன்று நான்கு இடங்களில் விளிம்பு நசுங்கியிருக்கும். நாணயத்தை எடை போடுங்கள், 0.01 கிராம் காட்டும் தராசில். நம் பேச்சில் எட்டு கிராமைச் சவரன் என்கிறோமே, அந்தச் சொல் இந்த நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் நாணயத்தின் சரியான எடை 7.988 கிராம். புழக்கக் காலத்தில் 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்த சாவரின் பிரிட்டிஷ் சட்டப்படி செல்லாது. கண்ணுக்கு ஏயூ போலத் தெரிகிற நாணயம் 7.90 கிராம் மட்டுமே இருந்தால், எங்கோ அராவியிருக்கிறார்கள், அல்லது அது அசல் இல்லை. எடை கூடினாலும் சந்தேகப்படுங்கள். பற்றவைத்த உலோகம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். விட்டம் 22.05 மில்லிமீட்டர், பிளாஸ்டிக் காலிப்பரால் அளங்கள், உலோகக் காலிப்பரின் வாய் விளிம்பில் கோடு போட்டுவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் அனுப்புவது லாபமா என்பது வேறு கணக்கு. 1911 லண்டன் சாவரின் அரியதல்ல. வெரி ஃபைனோ எக்ஸ்ட்ரீம்லி ஃபைனோ என்றால், கட்டணம், தபால், காப்பீடு மூன்றும் சேர்ந்து நீங்கள் பெறக்கூடிய கூடுதல் மதிப்பைத் தின்றுவிடும். மினுக்கம் முழுதாகச் சுழல்கிறது, 63க்கு மேல் வரும் என்று உறுதியாகத் தோன்றினால் அனுப்புங்கள். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். குதிரையின் காலடித் தரையில், ஆண்டுக்கு மேலே சிறிய எழுத்து ஏதாவது இருக்கிறதா? எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த், சி என்றால் ஒட்டாவா. எழுத்து இல்லையென்றால் லண்டன். ஒட்டாவாவில் குறைவாகவே அடித்தார்கள் என்பதால் சி எழுத்து இருந்தால் கணக்கு மாறும்.

பட்டியலில் உள்ள 20 டாலர் நாணயங்களை, அவை பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டு வந்தவை என்றால், எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணைத் தரமிட்ட நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே படம் இருந்தால், நாணயத்தின் தளத்தில் உள்ள இரண்டு மூன்று அடிகளைப் படத்தோடு ஒப்பிடுங்கள். அடிகள் விரல்ரேகை போல. இரண்டு நாணயங்களுக்கு ஒரே மாதிரி அமையாது. சுதந்திர தேவியின் மார்பு, முழங்கால், மூக்கு, மறுபக்கத்தில் கழுகின் முன்சிறகு, இந்த நான்கு இடங்களில் மினுக்கம் அறுகிறதா என்று பாருங்கள். எண் என்பது பயிற்சி பெற்ற சிலரின் கருத்து. அதே நாணயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால் ஓர் எண் கூடியோ குறைந்தோ வருவதும் உண்டு. உங்கள் கண்ணுக்கு 58தான் பிடித்திருக்கிறது, கழுகின் சிறகில் லேசான உராய்வைத் தவிர வேறு குறையில்லை என்றால், அதையே வாங்குங்கள்.

உங்கள் சாவரின் இப்போது அட்டை உறையில் இருந்தால், எடுக்கும்போது உறையை அப்படியே கிழித்துப் பிரிக்க வேண்டாம். நாலு பக்கமும் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் முள்களை முதலில் ஒவ்வொன்றாகக் கழற்றி, மேசையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, பிறகு அட்டையைத் திறங்கள். பாதி கழன்ற முள்ளின் நுனி கன்னத்தின் குறுக்கே போடும் கோடு ஒரு நொடி வேலை. எடுத்த நாணயத்தை 22 மில்லிமீட்டர் அளவுள்ள கெட்டியான வட்டச் சிமிழில் வையுங்கள். தபாலில் அனுப்புவதானால் பிவிசி இல்லாத மைலார் உறையில் போட்டு, உள்ளே ஆடாமல் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள்.